தயிர் ஊற்றாத சோறு

என் மகளுக்கு வீசிங் வந்து மூச்சிரைக்கும்போதெல்லாம் இந்த ஊரில் யாராவது ஒருவர் எனக்கு வைத்தியம் சொல்லிவிடுவார். லிஃப்டில் கூட வரும் சீன ஆன்ட்டி ஐஸ் தண்ணீர் கொடுக்காதே என்பார். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வீட்டில் குளிரூட்டும் ஏர்கானை நிறுத்தச் சொல்வார். பள்ளி வாசலில் ஒரு அம்மா நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்றார். கற்றுக்கொடுத்தேன், நீச்சல் குளத்திலிருந்து ஈரத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். ஏழு வயது அவளுக்கு. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும்போதும் அழமாட்டாள். என் முகத்தையே பார்ப்பாள்.

அவளை வயிற்றில் சுமந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டவள் என் அக்கா. என்னைவிட மிகவும் மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவள்தான், மாப்பிள்ளை பார்த்ததும் அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. மூன்று முறை உண்டாகி, மூன்றும் தங்கவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நான் உண்டாகியிருக்கிறேன் என்று போனில் சொன்ன அன்றே பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பஸ் ஏறி பொங்கோலில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு தினமும் வந்தாள், கையில் டிபன் கேரியரோடு.

அக்காவின் சட்டம் ஒன்றுதான்: குளிர்ச்சி ஆகாது. தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு, கொய்யா, வெள்ளரி, கீரை எல்லாம் குளிர்ச்சி. பயறும் கடலையும் வாயு. "இப்ப நீ நாக்க அடக்கலன்னா பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்டி" என்பாள். மீதி என்ன இருக்கிறது? வெள்ளைச் சோறு, மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, வறுத்த மீன். பெற்ற பிறகு பால் கொடுத்த மாதங்களிலும் அதே பத்தியம்தான்.

நான் பட்டம் வாங்கியவள், வாய்த்துடுக்கும் உண்டு. அலுவலகத்தில் என்னிடம் வாய் கொடுத்து மீண்டவர் குறைவு. ஆனால் அந்தக் கேரியருக்கு முன்னால் பேச்சு வராது. ஏனென்றால் அக்காவும் என்னோடு சேர்ந்து பத்தியம் இருந்தாள். தயிர் இல்லாமல் சாப்பாட்டை முடிக்கத் தெரியாதவள். "நான் மட்டும் ஊத்திக்கிட்டுச் சாப்பிட்டா உனக்கு ஆசை வராதா?" என்று வெறும் ரசச் சோற்றோடு எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் எனக்கு ஒரு கொய்யாப்பழம் வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

இந்த வருஷம் மறுபடியும் உண்டானேன். மகளை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது டாக்டர் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். காய், பழம், பயறு எல்லாம் நிறையச் சாப்பிடுகிறீர்களா, இவளைச் சுமந்தபோதும் சாப்பிட்டீர்களா என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். இல்லை என்றேன். தாய் சாப்பிடும் நார்ச்சத்து அவள் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தீனி என்றார். அதைத் தின்று அவை உண்டாக்கும் சில பொருள்கள் இரத்தத்தின் வழியே வயிற்றுப் பிள்ளைவரை போகுமாம். பிற்காலத்தில் தூசிக்கும் புகைக்கும் அதன் நுரையீரல் சும்மா சும்மா சண்டைக்குப் போகாமலிருக்க அது உதவக்கூடுமாம். எலிகளில் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களில் இன்னும் தெளிவில்லை, ஆஸ்துமாவுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு என்றும் சொன்னார். "டோன்ட் பிளேம் யுவர்செல்ஃப், ஓகே?" என்று முடித்தார். மகள் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

என்மேல் நான் பழி போட்டுக்கொள்ளவில்லை. என் மனசு அந்தக் கேரியரை அடுக்கு அடுக்காகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் சளி கட்டக் கூடாது என்று எதையெல்லாம் ஒதுக்கினோமோ, அவைதான் ஒருவேளை அந்த நெஞ்சைக் காத்திருக்கும். சிரிப்பு வரும் போலிருந்தது. டாக்சியில் ஏறியதும் அழுகைதான் வந்தது. யாரைத் திட்டுவது? திட்ட ஒரு கெட்டவர் கிடைத்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இருந்ததெல்லாம் எனக்காகத் தயிரை விட்ட ஓர் அக்கா.

அவளுக்கு இது தெரியவே கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, மகள், நான் என்று மூவருமாகத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோம். கீரைக் கடையில் நான் ஒரு கட்டு முருங்கைக் கீரையை எடுக்க, அக்கா அதை வாங்கித் திரும்ப வைத்தாள்.

"டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டாங்கக்கா. ரத்தம் கம்மியா இருக்காம்" என்று பொய் சொன்னேன்.

"ரத்தத்துக்கு ஈரல் வாங்கித் தரேன். கீரை வேணாம்."

எங்கள் இருவருக்கும் நடுவே நின்ற மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நோ லா பெரியம்மா, அதுக்கு இல்ல. அம்மா அப்ப ஃப்ரூட்ஸ், வெஜிடபிள்ஸ் எதுவும் சாப்பிடல, தட்ஸ் வை எனக்கு ஆஸ்துமா. டாக்டர் சொன்னாங்க. பேபிக்கு வரக் கூடாதுல்ல?"

டாக்டர் அவ்வளவு கவனமாகச் சொன்ன 'ஒருவேளை'யும் 'தெளிவில்லை'யும் அவள் சொன்னதில் காணாமல் போயிருந்தன. அக்கா என்னைப் பார்த்தாள். நான் உடனே மறுத்திருக்க வேண்டும். அதற்குள் என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"கட்டணுமா, வேணாமா? பின்னால ஆள் நிக்குது லா" என்றார் கடைக்காரர்.

"கட்டுங்க" என்றாள் அக்கா.

சாப்பாட்டுக் கடைப் பக்கம் போய் உட்கார்ந்தோம். அக்காவின் டீ ஆடை படிந்து ஆறிப்போனது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, எலியில் பார்த்ததைத்தான் சொன்னார், காரணம் ஆயிரம் இருக்கும் என்று நான் படபடவெனப் பேசிக்கொண்டே போனேன்.

"எலிக்கு எவ பத்தியம் போட்டா?" என்றாள் அக்கா. பிறகு மகள் ஸ்ட்ரா எடுக்க எழுந்து போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு மூணும் தங்காமப் போனப்ப சாமிய வாய்க்கு வந்தபடி திட்டுனேன். சாமிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குடி. என் கையில குடுத்தா என்ன ஆகும்னு."

ஆறிய டீயை எடுத்து வைத்துவிட்டு, அவளுக்கு வேறொன்று வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகும் அக்கா வருகிறாள். கேரியரில் கீரைக் கூட்டு, பயறுச் சுண்டல், நறுக்கிய கொய்யா, தனிக் கிண்ணத்தில் தயிர். டாக்டர் பார்த்தால் கைதட்டுவார். ஆனால் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வீட்டையே அதட்டி நடத்தியவள், பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் எடுத்தால்கூட என்னைத் திரும்பிப் பார்த்து, "குடுக்கலாமா?" என்று கேட்கிறாள். அவள் என்னை ஒருமுறை திட்டிவிட்டால் போதும் என்றிருக்கிறது. தயிர்ச் சோற்றை நான் தனியாகச் சாப்பிட்டு முடிக்கிறேன். வயிற்றில் இருப்பதற்கு இதனால் நல்லது நடக்குமா, அதுவும் உறுதியில்லை. மகளுக்காக நான் சாப்பிட வேண்டிய காலமோ முடிந்தே போய்விட்டது; இனி மலையளவு கீரை தின்றாலும் அவள் நெஞ்சுக்கு ஒரு பருக்கை போய்ச் சேராது.

போன வாரம் மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், மகள் பள்ளியிலிருந்து வரும்போதே மூச்சு விசிலடித்தது. நான் சமையலறையில் இருந்தேன். முன்பெல்லாம் இது அக்காவின் வேலை. மடியில் உட்காரவைத்து, முதுகைத் தடவி, இன்ஹேலர் மாட்டிய ஸ்பேஸர் குழாயை வாயில் பிடிப்பாள். என்னைவிட அவள் கையில் பிள்ளை சீக்கிரம் அடங்கும். அந்தப் பழக்கத்தில் மகள் நேராக அவளிடம் போய், "பெரியம்மா, பஃப்" என்றாள்.

நான் ஓடி வந்து பார்க்கும்போது அக்கா இன்ஹேலரைக் குழாயில் பொருத்திக் கையில் வைத்திருந்தாள். பிள்ளையின் தலைக்கு மேலாக அதை என்னிடம் நீட்டினாள்.

"நீயே குடு. என் கை வேணாம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, மகளின் வாயில் குழாயை வைத்து இன்ஹேலரை அழுத்தினேன். விலா உள்ளே இழுத்தது. வழக்கம்போல அவள் அழவில்லை. இந்த முறை அவள் பார்த்தது பெரியம்மாவின் முகத்தை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.