ஐவியின் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

ஐவிக்கு உட்காரவே வராது. குன்னூரில் என் வாரப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டாலும் நின்றுகொண்டேதான் பேசுவாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்றை யாரோ தொண்டு நிறுவனத்தார் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ஃபேக்டரிக்குக் கீழே ஓடையில் இறங்கி, நிறம், கலங்கல், நாற்றம் எல்லாம் குறித்து எனக்கு அனுப்புவாள். எப்போதும் தெளிந்த, நல்ல தண்ணீர் என்றே வரும். ஒன்றரை வருஷம் விடாமல் பத்திரிகையில் போட்டேன். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்?

அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் குடிநீர்த் திட்ட இன்ஜினியர் இடத்தை முடிவு செய்தார். ஃபேக்டரிக்குக் கீழே ஓடையோரம் கிணறு, அங்கிருந்து தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் குழாய். திங்கட்கிழமை தோண்டுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை வந்து நின்றாள்.

“ஏனுங்க சார், நான் அனுப்புனதெல்லாம் தப்புங்க.”

முந்தின நாள் புதன்கிழமை விரலை வெட்டிக்கொண்டு, பாதி வேலையில் ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருக்கிறாள். ஃபேக்டரி பக்கத்து ஓடைப் பாலத்தில் நின்று பார்த்தால், தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆட்கள் டிரம்களைத் தண்ணீரில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்களாம். ஓடை நீலமும் பச்சையுமாய் ஓடியதாம்.

“ஞாயித்துக்கெழம மருந்தடிக்கிறதில்லீங்க. ஃபேக்டரியும் லீவு. எனக்கும் அன்னிக்குத்தான லீவு? அன்னிக்கே போயி அன்னிக்கே எடுத்தேன். இந்த மரமண்டைக்கு ஒருக்காவாச்சும் தோணுச்சுங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்தவன், பத்திரிகைக்காரன், என் புத்தி எங்கே புல் மேயப் போயிருந்தது? ஆனால் வாய் வேறு பேசியது.

“பதறாத ஐவி. மெதுவா உள்பக்கத்துல ஒரு திருத்தம் போட்டுக்கலாம். உன் பேரும் கெடாது, பத்திரிகை பேரும் கெடாது.”

“மெதுவான்னா? கெணறு தோண்டுன பொறகுங்களா?” மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். “எங்க லைன்ல கைக்கொழந்தயே ஏழு இருக்குதுங்க. நாளைக்கு வர்ற பேப்பர்ல மொதப் பக்கத்துல போடுங்க. ஐவி எழுதுனது பூராவும் தப்புன்னே போடுங்க.”

போட்டேன். வெட்கத்தோடு என் பெயரையும் சேர்த்தே போட்டேன்.

ஐவி அலுவலகத்தில் இருந்தபோதே இன்ஜினியர் கொதித்துப்போய் வந்தார். “ஏம்மா, இத்தன நாளா நல்ல தண்ணின்னே. இப்ப இல்லங்கற. எத நம்பறது?”

“எதையும் நம்பாதீங்க. வேலை நாள்ல நீங்களே வந்து எடுங்க.”

வந்தார். தோண்டுவதைத் தள்ளிவைத்து, மூன்று வேலை நாள் மத்தியான நேரத்தில் அவரே எடுத்தார். நான்காம் நாள் அந்த இடமே வேண்டாமென்று விட்டுவிட்டார். கிணறு இனி ஓடையில் ஃபேக்டரிக்கு மேல்பக்கம் போகும். அதற்குப் புதிய அளவை, புதிய அனுமதி, குறைந்தது ஒரு வருஷம்.

ஊரில் மாலையா போட்டார்கள்? நான் லைனுக்குப் போனபோது பக்கத்து வீட்டு அங்கம்மா ஐவியின் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். முட்டி வலியோடு மேட்டு ஊற்றிலிருந்து தினமும் குடம் சுமப்பவள்.

“வர்ற கொழாயத் தடுத்துப்போட்டியேடி! இன்னும் ஒரு வருசம் நான் சொமக்கோணுமா? உனக்கென்ன, பேப்பர்ல பேரு வந்துருச்சு!”

ஐவி அங்கம்மாவின் இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

“நாளைக்கு யாரு கொண்டாருவா?” என்று கத்தினாள் அங்கம்மா.

“கொழாய் வர்ற வரைக்கும் நாந்தானுங்கக்கா,” என்றாள் ஐவி.