எல்லாரும் பாக்காங்க

பேச்சிராஜாவின் பெயர் சினிமாவில் வரப்போகிறது என்ற செய்தி அவர் மனைவி தங்கமயில் வழியாகத்தான் தாராவி கிராஸ் ரோட்டுக்குள் வந்தது. குழாயடியில் ஒருத்தியிடம் சொன்னாள், ஒருத்தி போதாதா? சாயங்காலத்துக்குள் அவர் படத்தில் நடித்திருக்கிறார் என்றாயிற்று. மறுநாள் காலையில் அந்தப் படத்தின் பேயே அவர்தான் என்றாயிற்று. மனுஷன் வாயைத் திறக்கவில்லை. பெருமையில் பேச்சு வரவில்லை என்று தெரு நினைத்துக்கொண்டது. உண்மையில் அது பயம்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவர். முதல் மூன்று வருஷம் தோல் பட்டறையில் வேலை. நாற்றம் தாங்கவில்லை என்று அதை விட்டார். அங்கே இங்கே என்று அலைந்து கடைசியில் பிடித்த வேலையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிரிப்பு போய்விடும். ரயிலில் அடிபட்டவர்களைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி வருகிற ஸ்ட்ரெச்சர் ஹமால். 'ஸ்ட்ரெச்சர் ஹமால், ஸ்டேஷன் மாஸ்டர் ஆபீஸ்' என்று மைக்கில் கூப்பிட்டால் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் வாட்சைப் பார்ப்பார்கள், இன்றைக்கு லேட் என்று. பேச்சிராஜா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். இருபத்திரண்டு வருஷம். எத்தனை பேரைத் தூக்கினார் என்று அவர் எண்ணவில்லை. எண்ணினவர்களெல்லாம் குடித்தே போனார்கள். இவர் குடிக்கவில்லை. அதைத்தான் தெருவில் இன்றைக்கும் அதிசயமாகச் சொல்வார்கள்.

அந்த வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அலறியடித்து ஓடி வருகிற வீட்டுக்காரர்களிடம் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான். "ஒண்ணும் தெரியலம்மா, அந்த நிமிஷமே போயிட்டாங்க." போனது யாராக இருந்தாலும், எப்படிப் போயிருந்தாலும் இதுதான். உண்மை வேறு. பாதிப் பேர் பேசுவார்கள். தண்ணீர் கேட்பார்கள். பை எங்கே என்பார்கள். ஒரு ஆள், ஆபீசுக்கு போன் பண்ணி அரை நாள் லீவு சொல்லச் சொன்னார். அதெல்லாம் ஸ்ட்ரெச்சரோடு தங்கிவிட வேண்டும், வீடு வரை போகக் கூடாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதக் காலை, சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் அவர் தூக்கியது விஜயலட்சுமியை. இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவள், புருஷன் இல்லாதவள், மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமையல் செய்து பிழைத்தவள். மழையில் பாலம் ஏறி இறங்கச் சோம்பி தண்டவாளத்தில் குறுக்கே நடந்திருக்கிறாள். அவள் மகள் சாதனாவுக்கு அப்போது பதினேழு வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது பேச்சிராஜா வழக்கமான வார்த்தையைச் சொன்னார். அவள் பிடியை விட்டாள். அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

அந்த வார்த்தையை அவள் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தாதரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் சயானில் ஏறி அம்மா விழுந்த அதே இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். "நீங்க சொன்னதாலதான் மாமா என்னால டிரெயின்ல ஏற முடியுது. அம்மாக்கு வலிச்சிருக்கும்னு தெரிஞ்சா, ஒவ்வொரு தடவ பிரேக் போடும்போதும் எனக்கு அம்மா கத்துறதுதான் கேக்கும்" என்றாள் ஒருநாள். பேச்சிராஜா சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், விஜயலட்சுமி அந்த நிமிஷமே போகவில்லை.

முட்டி தேய்ந்து ஹமால் வேலையை விட்டபிறகு மாட்டுங்காவில் ஒரு பில்டிங்குக்கு வாட்ச்மேனாகப் போனார். அங்கே மூன்றாம் மாடியில் ஜெயராம் சார் குடும்பம். அவர் பிள்ளை ஆதித்யன் நல்ல பேங்க் வேலையை உதறிவிட்டு, நாலு சிநேகிதர்களையும் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு பேய்ப்படம் எடுக்கப்போவதாக வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சண்டை முற்றும்போதெல்லாம் கீழே இறங்கி வந்து கேபின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்வான். ஒருநாள், "அங்கிள், முன்னாடி என்ன வேலை பார்த்தேள்?" என்று கேட்டுவிட்டான்.

அதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. முதல் நாளே தங்கமயில், தண்டவாளத்தில் பார்த்தது எதுவானாலும் வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் முழுங்கியது ஒரு மழை மதியத்தில் மடமடவென்று வெளியே வந்தது. பெயர் சொல்லவில்லை, இடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் சொன்ன வார்த்தையைச் சொன்னார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் கருங்கல்லில் கிடந்தவள், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, தெளிவான குரலில் சொன்னது: "சேலைய இழுத்து விடுங்க. எல்லாரும் பாக்காங்க."

பையன் கண் கலங்கிவிட்டான். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாதவன் மறந்துவிடுவான் என்று பேச்சிராஜா நம்பினார். அதோடு பேய்ப்படத்தில் வருவதை எந்தப் பைத்தியம் நிஜமென்று நினைக்கும் என்றும் ஒரு சமாதானம். இவ்வளவு காலம் சட்டத்தைக் காப்பாற்றியவருக்குச் சினிமாக்காரர்களைத் தெரியவில்லை, பாவம்.

படத்தின் பெயர் 'ஆதா'. ஆதா என்றால் பாதி. பாதி உடம்போடு ஒருத்தி தண்டவாளத்தில் ஊர்ந்து வருவாள். எதிரே வருகிறவர்களிடம் சேலையை இழுத்து விடச் சொல்வாள். யாரும் விட மாட்டார்கள். விடாதவர்களை இடுப்போடு இரண்டாகக் கிழிப்பாள். மொத்தப் படமும் அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பதினொரு பேரைக் கிழிக்கிறாள். எல்லோரும் இந்தி பேசுகிற படத்தில் பேய் மட்டும் தமிழ் பேசுகிறது, அதுவும் அவர் சொன்ன அதே திருநெல்வேலித் தமிழ். இந்தியில் சொல்லிப் பார்த்தபோது பயமே வரவில்லையாம்.

முதல் காட்சியை கார் என்கிற பேட்டையில் ஒரு சின்ன அரங்கில் போட்டார்கள். பேச்சிராஜாவையும் டாக்சியில் அழைத்துப்போனான் ஆதித்யன். அங்கே வந்திருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் குரல் வந்ததும் அரங்கம் கப்பென்று அடங்கியது. முதல் ஆள் கிழிபட்டபோது ஒருத்தி செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினாள். ஒருவர் முழங்காலுக்கு நடுவில் தலையைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். பாத்ரூமிலிருந்து வந்த ஆதித்யனுக்கு முகமெல்லாம் பல்லு: "அங்கிள், ஒருத்தர் வாந்தி எடுத்துட்டார்!" பரீட்சையில் பாஸாகிவிட்டதைப்போலச் சொன்னான்.

"தம்பி, அந்தப் பேச்ச மட்டும் எடுத்துருங்க" என்றார் பேச்சிராஜா.

"ஏன் அங்கிள்? அதுதானே படமே."

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த காட்சி தாராவியில், ஊர்க்காரர்கள் சங்கத்து ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. சாதனாவை எப்படியாவது நிறுத்திவிட அவள் வீட்டுக்கே போனார். "வேண்டாம்மா, ரொம்ப ரத்தம். பயந்துருவ."

"எனக்கென்ன பயம்? உங்க பேரு வருதுன்னு அத்த தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க. நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தாள். அவள் சித்தியும் வருவதாகச் சொன்னாள். மேற்கொண்டு பேசினால் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து திரும்பி வந்தார்.

ஜன்னலில் எல்லாம் கறுப்புத் துணி. காற்று இல்லை. ஆரம்பத்தில் 'நன்றி: பேச்சிராஜா' என்று வந்ததும் விசில் கூரையைப் பிய்த்தது. தங்கமயில் எழுந்து நின்று ஒருமுறை எல்லோரையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பேச்சிராஜா கடைசி வரிசையில் சுவரோரம் இருந்தார். சாதனா அவருக்கு மூன்று வரிசை முன்னால். அவர் திரையைப் பார்க்கவேயில்லை, அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேய் வந்தது. கை ஊன்றி ஊர்ந்தது. "சேலைய இழுத்து விடுங்க. எல்லாரும் பாக்காங்க."

ஹாலே சிரித்தது. முதல் காட்சியில் வாந்தி எடுக்க வைத்த அதே குரல் இங்கே வெடிச்சிரிப்பை எழுப்பியது. பக்கத்து வீட்டுப் பாஷையை ஒரு பேய் பேசினால் யாருக்குப் பயம் வரும்? "ஏ, இவ நம்ம நாங்குநேரிக்காரிலா!" என்று ஒருவன் கத்தினான். ரத்தம் பீச்சியடித்தபோது "அரே, ரோஸ் சர்பத்" என்றான் இன்னொருவன். முன்வரிசையில் முகத்தை மூடியிருந்த இரண்டு பெண்கள்கூட விரலை விலக்கிக்கொண்டு சிரித்தார்கள். சாதனாவும் சிரித்தாள். தோள் குலுங்கச் சித்தி மேல் சாய்ந்து சிரித்தாள். பேச்சிராஜா அந்தத் தோளையே பார்த்தார். செத்தவளின் கடைசிப் பேச்சுக்கு அவள் பெற்ற பிள்ளை சிரிக்கிறது. சிரிக்க வைத்தது நான் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து லைட்டைப் போட்டுவிடலாமா என்றிருந்தது. உட்கார்ந்தே இருந்தார்.

பேய் இரண்டாவது தடவை சொன்னபோது சாதனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. சித்தி ஏதோ கேட்டாள். இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது தடவை ஹால் முழுக்கச் சேர்ந்து அந்த வசனத்தைப் பாட்டுபோலச் சொன்னது. சாதனா திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் திரும்பி, வரிசை வரிசையாகத் தேடி, அவரைப் பார்த்தாள்.

படம் முடிந்து வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. டீக்கடை முன்னால் ஒருவன் லுங்கியை இன்னொருவன் இழுத்து, "சேலைய இழுத்து விடுங்க" என்று பேய்க்குரலில் கூவினான். சிரிப்பு, கைதட்டல். ஆதித்யன் ஒவ்வொருவராகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். இந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. சாதனா ஹால் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள். பேச்சிராஜா தானாகவே அவளிடம் போனார்.

"ஸ்டேஷன் படி ஏறும்போதெல்லாம் அம்மா எனக்கு முன்னாடி போகும், மாமா. கையில சாமான் இருக்கும். 'ஏளா, சேலைய இழுத்து விடு, எல்லாரும் பாக்காங்க'ன்னு சொல்லும். நான் பின்னால குனிஞ்சு இழுத்து விடுவேன். தெனமும்." அவர் முகத்தைப் பார்த்தாள். "அது எங்கம்மாதானே?"

பொய் அவர் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். "அந்தத் தம்பி கற்பனையா எழுதினதும்மா…" என்று ஆரம்பித்தார்.

"படத்துல யாருமே இழுத்து விடல" என்றாள் அவள், அவர் சொன்னது காதில் விழாததுபோல. "அவ்வளவு பேரு நின்னு பாத்தாங்க. நெசத்துலயும் அப்படித்தானா மாமா? யாருமே விடலையா?"

பழைய பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்தப் படத்துப் பொய் அவள் மனசில் தங்கிவிடும். தன் தாய் அம்பலத்தில் கிடந்தாள், ஒருத்தரும் குனியவில்லை என்று இந்தப் பெண் காலமெல்லாம் நினைப்பாள். அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"நான் இழுத்து விட்டேன் தாயி" என்றார். "சேல பத்தல. என் சட்டையக் கழட்டி அதுக்குக் கீழ விரிச்சேன். மிச்சத்துக்குத் துண்டு. 'பாதம் வரைக்கும் மறைஞ்சிருச்சு தாயி, ஒருத்தனும் பாக்கல'ன்னேன். 'சரிண்ணே'ன்னுச்சு. அதுக்கப்புறந்தான் கண்ண மூடுச்சு."

சாதனா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரொம்ப நேரம் பேசுச்சா?"

"கொஞ்ச நேரம்."

"ம்" என்றாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்து அழுத்தினாள். "நல்லா இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு சித்தியைத் தேடிப் போனாள்.

அன்று பேச்சிராஜா அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார். ஏழு வருஷப் பாரம் இறங்கிவிட்டதாகவே நம்பினார். காலையில் எழுந்து குளித்து, தங்கமயில் கொடுத்த டப்பாவோடு மாட்டுங்காவுக்கு நடந்தார். முட்டிகூட அவ்வளவு வலிக்கவில்லை.

சிக்னலைத் தாண்டியதும் பஸ் ஸ்டாப் வரும். நீளமான வரிசை. அதில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாகச் சாதனா நின்றுகொண்டிருந்தாள், பையை நெஞ்சோடு அணைத்தபடி. தாதருக்கு ரயிலில் பத்து நிமிஷம், பஸ்ஸில் இந்த டிராபிக்கில் முக்கால் மணி நேரம். அவரைப் பார்த்துவிட்டாள். சிரித்துக் கையசைத்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று பிரேக் போட்டுக் கிரீச்சிட்டு நின்றது. அவள் கை அப்படியே நின்றது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.