பீரங்கிக் கூட்டில் ஒரு கொதிகலன்

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா கட்டிலைவிட்டு எழுந்ததே கஞ்சிக்கும் கக்கூஸுக்கும்தான். அதனால், ஒரு நாள் பழைய டூல் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, நீராவியில் ஓடும் சின்னப் படகு ஒன்று செய்யப்போவதாக அவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நோணாங்குப்பம் ஆற்றில் கொண்டுபோய் விடலாம் என்றேன். "பாப்போம்" என்றார்.

படகுக்கான கொதிகலனைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. மாதா சொரூபத்துக்கு முன்னால் அம்மா பூ வைத்துவந்த சாடியில் அதைச் செய்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வரும்போது அப்பா கொண்டுவந்த பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூடுதான் அந்தச் சாடி. எங்கள் ஊரில் சொல்தா என்று அழைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள் வீடுகள் சிலவற்றில் இப்படி ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருக்கும். சாடியின் வாயைத் தகட்டால் மூடி ஈயத்தால் பற்றவைத்திருந்தார்.

நான் தட்டாஞ்சாவடியில் ஏ.சி. கம்பெனி ஒன்றில் செம்புக் குழாய் பற்றவைக்கிறவள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"பித்தளை ஆவாதுப்பா. சுடுதண்ணி அதுல இருக்கிற ஜிங்க்க அரிச்சிடும். வெளிய பளபளன்னுதான் இருக்கும், உள்ள பொருபொருன்னு ஆயிடும். செம்புல செய்யி. ஈயமும் வேணாம், சூட்டுல இளகிடும். பத்தவெக்க வெள்ளி கலந்த ராடு நான் எடுத்தாறேன்."

"பீரங்கிக்கே தாங்குன கூடு. உன் ஆவிக்கா ஒடையப் போவுது?"

பீரங்கியில் தாங்கியது சுற்றியிருந்த கனத்த இரும்புக் குழல். கூடு அதற்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். ராணுவப் பட்டறையில் காலமெல்லாம் கொதிகலன் ரிப்பேர் பார்த்த மனிதருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? எரிச்சலாக வந்தது. மிஞ்சிய ஆவி வெளியேற சேஃப்டி வால்வுகூட வைக்கவில்லை. கேட்டால், "அத அப்புறம் பாத்துக்கலாம்."

அதன் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. பிடுங்கி எறிந்தால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். விட்டால் முகத்துக்கு நேரே வெடிக்கும். கெஞ்சினேன். கத்தினேன். கொதிகலனுக்கு அடியில் எரிக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை ஒளித்துவைத்தேன். நடந்தே கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்தார். நடக்கத் தெம்பு வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

"உனக்கு பயமா இருந்தா, நீ வேலைக்குப் போனப்புறம் பத்த வெச்சிக்கிறேன்" என்றார். லீவு போட்டேன்.

கம்பெனியில் கேட்டுக் கைப்பம்பு ஒன்றை எடுத்துவந்தேன். கொதிகலனுக்குள் காற்றே இல்லாமல் பச்சைத் தண்ணீரை நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. உடைந்தால் தண்ணீர் கொட்டுமே தவிர ஆவிபோல வெடித்துச் சிதறாது. வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் பேச்சைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

பம்பு மீட்டரின் முள் பாதிகூட ஏறவில்லை. டப்பென்று ஒரு சத்தம். கூடு நெடுக ஒரு கீறல் விழுந்து மேஜை முழுக்கத் தண்ணீர்.

ஜெயித்துவிட்ட திமிரில் வாயாடினேன். "பாத்தியா? இது சூடா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றார்.

துணியால் மேஜையைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தெரியாமலா வால்வு வெக்காம வுட்டேன்? நீ இல்லாத நேரம் பாத்துதான் பத்த வெக்கணும்னு இருந்தேன். உம்மேல பட்டுடக் கூடாது."

தெரியாதவருக்குப் பாடம் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவரோ வெடிக்கட்டும் என்றே ஆகாத பொருளாகத் தேடித்தேடிப் பொறுக்கியிருக்கிறார். அம்மாவின் சாடியைத் தொட்டதும் அதற்குத்தான். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அவர் காலில்கூட அடித்தேன். அவர் நகரவில்லை.

தேம்பல் அடங்கியபோது, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கேட்டேன். "நாளைக்கு செம்புக் குழா வாங்கியாறேன். ரெண்டு பேருமா செய்யலாம். எவ்ளோ கனத்துல வாங்கணும்?"

பிழிந்த துணியை மறுபடி பிழிந்தார். அதில் சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை.

"மெலிசா வாங்கினு வந்துடாத" என்றார்.