சென்னைக்கு ஒரு போர்வை

சூலூர்ப் பக்கம் பம்பும் மோட்டாரும் செய்கிற கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பதும், எடுத்த ஆளை ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. படித்தது மனோதத்துவம். காலேஜில் சேர்ந்த புதிதில் சொந்தக்காரர்கள் எல்லோரும், "அப்ப நாங்க என்ன நெனைக்கறம்னு சொல்லு பாக்கலாம்" என்று கேட்டே என் உயிரை வாங்கினார்கள். நான் படிப்பது அது இல்லை என்று சொல்லி அலுத்துப்போய், "பசிக்குதுன்னு நெனைக்கறீங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

கம்பெனியில் புதிதாக ஆட்கள் சேரும்போதெல்லாம் ஒரு மதியம் நான் வகுப்பு எடுப்பேன். கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் எப்படி மாறிப்போகிறார்கள் என்பதுதான் பாடம். பலகையில் மூன்று கோடுகள் போடுவேன். எது நீளம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். முன்வரிசையில் நாலு பேரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, குட்டைக் கோட்டைக் காட்டி இதுதான் நீளம் என்று சொல்லச் சொல்வேன். ஐந்தாவது ஆளுக்கு விவரம் தெரியாது. அவர் கோட்டைப் பார்ப்பார், நாலு பேரையும் பார்ப்பார், தன் கண்ணையே சந்தேகப்படுவார். மற்ற ஊர்களில் இந்த இடத்தில் சிலராவது முரண்டு பிடிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் ஊர் ஐந்தாவது ஆள் குட்டைக் கோட்டை ஒத்துக்கொள்வதோடு நிறுத்த மாட்டார். "அண்ணன் சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்" என்று சான்றிதழும் கொடுப்பார்.

பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வேன். முதல் கோடா, இரண்டாவதா, மூன்றாவதா என்று கேட்டுக் கை தூக்கச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் தூக்கினாரா இல்லையா என்று இப்போது யாருக்கும் தெரியாது. எல்லாக் கைகளும் சரியான கோட்டுக்கே எழும்பும். "கண்ண மூடுனாத்தானுங்க நமக்கு நல்லாத் தெரியுது" என்பேன். சிரிப்பார்கள். இந்த ஒரே ஜோக்கைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு விவரம் தெரிந்த நான்தான் போன வருஷம், யாருக்குமே விருப்பமில்லாத ஒரு காரியத்துக்காகப் பெட்டி கட்டினேன்.

சென்னையில் கம்பெனி ஓர் அலுவலகம் திறப்பதாக இருந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் முதலாளி பேச்சை எடுத்தார். அறுபதைத் தாண்டியவர். தாத்தா பருத்தி போட்டார், அப்பா மில் வைத்தார், இவர் பம்பு செய்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வெளியே அவர் பேசும் கொங்குத் தமிழ் எங்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கும்.

"சென்னைக்கு நம்மாளு ஒருத்தர் போகோணுமுங்க. அம்மணி போனா நல்லாருக்கும்னு ஒரு ரோசனைங்க. நீங்கெல்லாம் என்ன சொல்றீங்க?"

அம்மணி என்று அவர் சொன்னது என்னை. நான் வாயைத் திறக்கும் முன்பே தயாரிப்பு மேனேஜர், "அருமையான ரோசனைங்க" என்றார். அடுத்து கணக்குப் பார்க்கும் அண்ணன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அடுத்த மேஜை அவருடையது. என்னைவிட ரொம்பவே மூத்தவர், ஆனாலும் என்னை 'மேடமுங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே "செரிங்க" என்றார். அப்புறம் வரிசையாக எல்லோரும் செரிங்க. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"செரிங்க சார்" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் 'செரிங்க'வுக்குச் சம்மதம் என்று மட்டும் பொருள் கிடையாது. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். உங்கள் மனசை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை என்று பொருள். டீ வந்துவிட்டது, மற்றதை அப்புறம் பேசலாம் என்றும் பொருள் உண்டு. ரொம்பவே பிடிக்கவில்லை என்றால் 'பாக்கலாமுங்க' என்போம். நேராக 'இல்லை' என்று சொன்னவர்களை நான் எங்கள் அலுவலகத்தில் பார்த்ததில்லை.

எனக்குச் சென்னைக்குப் போகக் கொஞ்சமும் இஷ்டமில்லை. அந்த ஊர்மேல் ஒரு குறையும் இல்லை. இந்த ஊரை விட முடியாது, அவ்வளவுதான். ஆனி ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்பி வந்து எங்கள் ஜன்னல் கதவுகளைப் படபடவென்று அடிக்கும் காற்று எனக்கு வேண்டும். பதினொரு மணி டீ வேண்டும். பக்கத்து ஏர்போர்ஸ் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால் எங்கள் ஆபீஸே பேச்சை நிறுத்தும். இரைச்சல் அடங்கியதும், விட்ட வார்த்தையிலிருந்து அப்படியே தொடரும். பாதி வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தை முகம் பார்த்துச் சும்மா நிற்கும் அந்த நேரம்கூட எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

"உனக்குப் புடிச்சிருந்தா போலாமே. பட்டறைய தம்பி பாத்துக்குவான்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அன்றைக்கு வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் தோசை சாப்பிட்டார். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, தோசை சரியில்லை என்று முடிவு கட்டினேன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் திடீரென்று ஒரே உற்சாகம். தயாரிப்பு மேனேஜர் சென்னையில் இருக்கும் தன் சொந்தக்காரர்களின் போன் நம்பரையெல்லாம் கொடுத்தார். அண்ணன் பதினொரு மணி டீக்கு என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டார். பார்க்கிற ஒவ்வொருவரும் "எப்பங்க கெளம்பறீங்க?" என்றார்கள். ஓகோ, நான் எப்போது தொலைவேன் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனசு அதற்குச் சாட்சி சேர்க்கக் கிளம்பிவிடும் என்று வகுப்பில் சொல்பவள் நான்தான். என் மனசு ஒரு வண்டி சாட்சி சேர்த்தது.

எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அந்த நாட்களில் 'ங்க' இல்லாமல் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கேன்டீனில் ஒருவரிடம், "சட்னி நல்லாருக்குதுங்களாங்க?" என்று கேட்டேன். அவர் மிரண்டுபோய்த் தட்டோடு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

வழியனுப்பு விழா ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் மீட்டிங் ஹாலில் உட்கார்ந்தோம். முதலாளி நாலு நல்ல வார்த்தை சொல்லி ஒரு பெரிய பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். பிரித்தேன். சென்னிமலைப் போர்வை. பச்சையும் அரக்கும் கட்டம் போட்ட, கனமான, அழகான போர்வை. மார்கழிக் குளிரில் ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

நான் போர்வையைப் பார்த்தேன். பிறகு அவர்களைப் பார்த்தேன்.

"ஏனுங்க, இந்த வெயில்ல சென்னைக்குப் போறவளுக்கு எதுக்குங்க போர்வை?"

தயாரிப்பு மேனேஜர் தொண்டையைச் செருமினார். "வாட்ஸப் குரூப்புல எல்லாரும் கட்டவெரலப் போட்டாங்களேங்க."

"படத்தப் போட்டது யாருங்க?"

"நாந்தானுங்க. சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டேன். அண்ணன் ஒடனே கட்டவெரலப் போட்டுப்போட்டாருங்க."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "மேனேஜர் ஆசையாப் போட்டிருக்காரு. வேண்டாம்னு எப்படீங்க சொல்றது?"

"அண்ணனே போட்டுட்டாரேன்னு நானும் போட்டேனுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்தப் போர்வையை வாங்க வேண்டும் என்று இங்கே ஒருவரும் நினைக்கவில்லை. ஆனாலும் எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். என் சென்னைப் பயணமும் இதே கடையில் வாங்கிய சரக்குத்தானோ என்று தோன்றியது.

"எல்லாரும் சித்த கண்ண மூடுங்க" என்றேன். அங்கே இருந்த முக்கால்வாசிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான். உடனே மூடினார்கள். முதலாளியும் சுற்றிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"இந்தப் போர்வை நல்ல ரோசனைன்னு நெனச்சவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழும்பவில்லை. சிரிப்பை அடக்கியதில் பல தோள்கள் குலுங்கின.

"செரி. நான் சென்னைக்குப் போறது நல்ல ரோசனைன்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க."

கேட்டு முடித்த பிறகுதான் பயம் வந்தது. ஒரே ஒரு கை எழும்பினாலும் அது யார் கை என்று ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். நிறையக் கைகள் எழும்பினால் அன்று மாலையே பஸ் பிடித்துக் காந்திபுரம் போய், அங்கிருந்து சென்னைக்கு வண்டி ஏறிவிட வேண்டியதுதான். போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடியாகப் பார்த்தேன். எல்லாக் கைகளும் மடியிலேயே இருந்தன. முதலாளியின் கைகளும்தான். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சந்தோஷ அழுகை.

"அம்மணி, நீங்களும் கை தூக்குன மாதிரி தெரியலீங்களே" என்றார் முதலாளி. ஒரு கண்ணைப் பாதி திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்குப் போக" என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது.

ஹால் முழுக்கக் காத்திருந்தது. சிலர் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்கள். அந்த இரைச்சலில் எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. 'பாக்கலாமுங்க' நாக்கு நுனிக்கு வந்தது. 'நீங்க எது சொன்னாலும் செரிங்க' வந்தது. இரண்டையும் விழுங்கினேன். விமானம் கடந்துபோனது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"புடிக்கல."

'ங்க' வரவில்லை. வரவேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

முதலாளி இரண்டு கண்ணையும் திறந்து, மேலே பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். தெலுங்கு தெரிந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்கள். எனக்கு இன்றுவரை யாரும் அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

"நீங்கதானுங்க அங்க போகோணும்னு ஆசப்பட்டீங்க?" என்றார்.

"நானுங்களா?"

அதற்கு முந்தின மாசி மாதம் சென்னை டீலரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர், சென்னை எப்படி இருக்கிறது என்று கேட்டார். விருந்தாளியாகப் போன இடத்தில் என்ன சொல்வது? அருமையான ஊருங்க, இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவர் அதை நம்பி முதலாளியிடம் போனில் சொல்லியிருக்கிறார். முதலாளி என் ஆசையை நிறைவேற்ற நினைத்து மீட்டிங்குக்கு முன்பே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் என் ஆசைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று உற்சாகமாக இருந்து காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மாற்றி நினைப்பது தான் மட்டுமே என்று நம்பி, எல்லோருமாக யாரும் விரும்பாத இடத்துக்கு வண்டி கட்டுவதைப் பற்றி என் பாடத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அதை நான் நன்றாக நடத்துவேன் என்று பெயர்கூட உண்டு.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அண்ணன் எழுந்து நின்றார். மீட்டிங்கில் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அப்ப, நான் போகட்டுங்களா?" என்றார். "மக அங்கதானுங்க இருக்கறா. பேத்தி நடக்க ஆரம்பிச்சிருச்சுங்க. வீடியோவுலதான் பாத்துக்கிட்டிருக்கமுங்க."

"ஏனுங்ண்ணா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீங்க ஆசப்பட்டதாச் சொன்னாங்க மேடமுங்க. நான் எப்படிக் குறுக்க வாறது?"

டீக்கு வராமல் போனதற்குக் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. என் எதிரே உட்கார்ந்தால் ஆசை முகத்தில் தெரிந்துவிடுமே என்று பயந்திருக்கிறார். முதலாளி இந்தத் தடவை கூட்டத்தைக் கேட்கவில்லை. அண்ணனை மட்டும் பார்த்து, "நெசமாவே புடிச்சுத்தானுங்க கேக்கறீங்க?" என்றார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். ஹால் அதிர்ந்தது.

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டு, "போகல" என்றேன். "அப்பாடா" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "உனக்கு வருத்தமில்லியே?" என்றார். அன்றிரவு தோசை மாவு தீர்ந்துபோனது.

அண்ணன் ஆனி மாதம் கிளம்பினார். அவருக்கு என்ன வாங்குவது என்று குரூப்பில் யாரும் படம் போடவில்லை. நானே நேரில் போய்க் கேட்டேன். பேத்திக்கு மூன்று சக்கர சைக்கிள் வேண்டும், சிவப்புக் கலரில் வேண்டும் என்றார். அதையே வாங்கினோம். கடைசி நாள் மாலை மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஜன்னலில் காற்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. என் பங்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. அலமாரியிலிருந்த போர்வையை எடுத்து நீட்டினேன்.

"அண்ணா, இதையும் வெச்சுக்கோங்க. ஏசி போட்டா குளுருமுங்க."

அவர் போர்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "செ" என்று வாய் ஆரம்பித்தது. அங்கேயே நின்றது. பிறகு சிரித்தார்.

"எனக்கு வேண்டாங் கண்ணு" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது. என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.