வசவு வாங்கிய பூசணி

ரான் அத்தையின் வாயில் விழாமல் எங்கள் ஊரில் பிள்ளையே பிறக்காது என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற கூட்டத்தைக் காட்டி, இது அத்தை திட்டிய பூசணி, அதோ அதுவும் அத்தை திட்டிய பூசணி என்று என்னால் விரல் நீட்டிச் சொல்ல முடியும். அந்தப் பூசணிகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் நிலாப் பண்டிகைக்கு மற்ற ஊர்க்காரர்கள் நிலாவைப் பார்த்துக்கொண்டு நிலா அப்பம் தின்பார்கள். நாங்கள் அதையும் தின்போம், பூசணியும் திருடுவோம். பிள்ளையில்லாத ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் தோட்டத்தில் நுழைந்து ஒரு சாம்பல் பூசணியை அறுக்க வேண்டும். பூனை மாதிரி போய்விட்டுப் பூனை மாதிரி வந்தால் அது வெறும் காய், குழம்புக்குத்தான் ஆகும். தோட்டக்காரர் காதில் விழும்படி திருட வேண்டும், அவரும் வயிறெரிந்து திட்ட வேண்டும். திட்டு எவ்வளவு காரமோ, காய்க்கு அவ்வளவு உயிர். பிறகு அதற்குக் குழந்தைச் சட்டை மாட்டி, கண்ணும் மூக்கும் வரைந்து, மூங்கில் நாற்காலியில் உட்காரவைத்து, சேகண்டி அடித்துக்கொண்டு அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம். வீட்டுக்காரி அன்றைக்கு அதைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, விடிந்ததும் சமைத்துச் சாப்பிட வேண்டும்.

இதற்கு ரான் அத்தை தோட்டத்தை விட்டால் வேறு தோட்டம் கிடையாது. ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து மருமகளாக வந்தவர். கணவர் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டு, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தைக்கு மிஞ்சியது ஒரு சரிவு நிலம், ஒரு பன்றி, ஒரு நாக்கு. நிலத்தில் மிளகாயும் பூசணியும் போட்டுச் சந்தையில் விற்பார். நாக்கை இலவசமாகவே கொடுப்பார். சேவல் நேரங்கெட்டுக் கூவினால் அதன் பரம்பரையையே இழுத்துப் பேசுவார். பௌர்ணமியன்று திருடனின் கையில் ஆரம்பித்து, அவன் அடுப்பு, பானை, பன்றி, கூரை என்று ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே போய் அவன் செருப்பில் வந்து முடிப்பார். ஒரு வருடம் திட்டியதை அடுத்த வருடம் திரும்பச் சொன்னதில்லை.

எனக்குச் சோயாப் பாலைக் கட்டியாக்கி டோஃபு விற்கிற வியாபாரம். சோயா ஊறுகிற நேரத்தில் யோசிக்க ஏதாவது வேண்டுமே. அத்தைக்கு உண்மையிலேயே கோபம் வருகிறதா, இல்லை நடிக்கிறாரா என்று பல வருடமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நாங்கள் வருவது அவருக்குத் தெரியும். பாதையோரமாக இரண்டு காயை எங்களுக்கென்றே விட்டும் வைப்பார். அப்புறம் எப்படி அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அத்தை, நெசமாவே கோவம் வருமா உங்களுக்கு?"

"உன் டோஃபு ஒருநாளாவது புளிக்காம இருக்கட்டும், அன்னைக்குச் சொல்றேன்" என்றார்.

அந்த வருடம் காய் போகவேண்டிய வீடு சூயிங்குடையது. அத்தை வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு மூங்கில் வேலிதான். கல்யாணமாகிப் பல வருடமாகியும் வயிறு திறக்கவில்லை. மாமியார், உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம், காதுபடப் பேச ஆரம்பித்திருந்தாள். சூயிங் பதில் பேசத் தெரியாத பெண். அத்தைக்குத் தண்ணீர் சுமப்பதும், மழைநாளில் அவர் முழங்காலுக்கு மருந்துச் சாராயம் தேய்த்துவிடுவதும் அவள்தான். வருடா வருடம் "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று கூச்சப்பட்டுத் தள்ளியவள், இந்த முறை என் மனைவியிடம், "அத்தை தோட்டத்துக் காய்னா மட்டும் கொண்டு வாங்கக்கா. இல்லன்னா வேண்டாம்" என்று சொல்லியனுப்பினாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் அத்தை என் கடைக்கு வந்தார். டோஃபு வாங்கவில்லை.

"ஏ டோஃபு, இந்த வருசம் வேற தோட்டம் பாத்துக்கோங்க."

"ஏன் அத்தை, காய் சரியில்லையா?"

"காய்க்கு என்ன, குண்டுகுண்டாக் கிடக்கு. எனக்குத்தான் வாய் வரல. அந்தப் பொண்ணை நெனச்சா உள்ள இளகிப் போகுது. காலையில பன்னிகிட்ட திட்டிப் பழகிப் பாத்தேன். அதுவே என்னை ஒருமாதிரி பாக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சும்மா ரெண்டு வார்த்தை கத்திருங்க அத்தை. யாருக்குத் தெரியப்போகுது?"

"காய்க்குத் தெரியும்" என்றார். பிறகு என் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எனக்கும் கொண்டாந்தாங்கடா ஒரு காய். பள்ளிக்கூடத்து வாத்தியார் தோட்டத்துக் காய். நல்ல மனுசன். வேலிக்கு வந்து சிரிச்சுக்கிட்டே, எடுத்துட்டுப் போங்கப்பா, நல்லா இருக்கட்டும்னு கொடுத்தாராம். சமைச்சேன். சாப்பிட்டேன். இனிப்பாத்தான் இருந்துச்சு. அவ்வளவுதான்."

வருடா வருடம் ஊர்ப் பெண்களுக்காக இவர் ஏன் தொண்டை கிழியக் கத்தினார் என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனால் சூயிங் சொல்லியனுப்பியதை மறைக்கவும் முடியவில்லை. சொன்னேன். அத்தை தட்டைத் தராசில் திரும்ப வைத்தார். "சரி, வாங்க. ஆனபடி ஆகட்டும்" என்று எழுந்து போனார்.

மறுநாள் எங்கள் மலைக்கு அதிசயமாக மேகமே இல்லை. நிலா எழும்பியதும் கிளம்பினோம். சேகண்டி என் கையில். காய் அறுக்க என் மைத்துனன் பெங் ஜுனைக் கூட்டிப்போனேன். டவுனில் லாரி டயர் கடையில் இருப்பவன், நல்ல உடம்பு, இந்த வேலைக்குப் புதிது. சத்தம் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்ததால், நுழைந்ததும் தகர வாளியை எட்டி உதைத்தான். கதவு திறந்தது. அத்தை வாசலில் வந்து நின்றார். வேலிக்கு அப்பால் சூயிங் வீட்டில் விளக்கில்லை. ஜன்னல் மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எவன்டா அவன்" என்று அத்தை ஆரம்பித்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். "திருட்டுப் பயலே, உன் கை... உன் கை..." அதற்கு மேல் போகவில்லை. "பாத்து, அங்க பள்ளம் இருக்கு."

எனக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். "உன் அடுப்பு... உன் அடுப்பு எரியாம..." குரல் உடைந்து, பாதியில் நின்றது. அந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் போயிற்று என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் பெங் ஜுன் கொடிகளுக்குள்ளிருந்து வெளியே வந்தான். பாதையோரத்துக் காய்களை விட்டுவிட்டு, உள்ளே போய்த் தோட்டத்திலேயே பெரிய காயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் காம்பில் சிவப்பு நூல் தொங்கியது.

"அது எந்தக் காய்?" என்றார் அத்தை. குரலே மாறியிருந்தது.

"சிவப்பு நூல் கட்டி ரெடியா வச்சிருந்தீங்களே அத்தை, அதுதான்" என்றான் அவன், பல்லெல்லாம் தெரிய. பிள்ளைக்குப் போகிற காய், மங்கலத்துக்கு நூல் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். அது விதைக்காய். யாரும் தொடக்கூடாது என்பதற்காகக் கட்டிய நூல். அத்தை கல்யாணமாகி ஆற்றைத் தாண்டி வரும்போது சட்டை ஓரத்தில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த விதையின் வம்சம். வருடத்துக்கு ஒரே ஒரு காயைத்தான் கொடியிலேயே முற்றவிடுவார்.

"அடேய் விளங்காத பயலே" என்று கிளம்பியது பாருங்கள். "உன் கை அழுகிப்போக. எங்கம்மா வீட்டு வெதைடா அது. உன் பானையில ஓட்டை விழ, உன் பன்னி எலும்புந்தோலுமா நிக்க, உன் கூரையில எலி குடித்தனம் பண்ண. கண்ணை எங்கடா அடகு வச்ச. வைடா கீழ. வைடான்னா."

பெங் ஜுன் காயைக் கீழே வைக்கப் போனான். "வச்சே, கொன்னுடுவேன். ஓடுடா" என்றேன். ஓடினோம். அத்தை மண்வெட்டிக் காம்போடு மூங்கில் தோப்பு வரை துரத்தினார். நான் ஓடிக்கொண்டே சேகண்டியை அடித்தேன். திரும்பிப் பார்த்தபோது சூயிங் வீட்டில் விளக்கு எரிந்தது. காய்க்குச் சட்டை மாட்டி மூக்கு வரைகிற வரை திட்டு காற்றில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு வசவைக் கேட்டதில்லை.

"மச்சான், அந்தம்மா நெசமாவே திட்டுறாங்க" என்றான் பெங் ஜுன்.

"தெரியுதுடா. தூக்கு நாற்காலியை."

மறுநாள் காலையில் அத்தை வீட்டுக்கு டோஃபு கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்கிற துணிவு இல்லை, டோஃபு பேசட்டும் என்றுதான். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரம் வேலியைத் தள்ளிக்கொண்டு சூயிங் வந்தாள், கையில் மூங்கில் தட்டு. கழுவித் துடைத்த விதைகள் அதில் பரப்பிக் கிடந்தன.

அத்தை தட்டை வாங்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்பிட்டேன் அத்தை."

"எப்படி இருந்துச்சு?"

சூயிங் தயங்கினாள். "புளிச்சுது அத்தை. நார்நாரா இருந்துச்சு. பாதி பானையில கிடக்கு. அதையும் சாப்பிட்டுருவேன்."

அத்தையின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. "அப்ப சரி" என்றார். தட்டை வாங்கி, விதையில் பாதியைத் தன் மடியில் கொட்டிக்கொண்டு, மீதியை அவளிடமே நீட்டினார். "உன் கொல்லையில போடு. எவனாவது அறுக்க வந்தா, இனி நீ திட்டு."

"எனக்குத் திட்ட வராதே அத்தை."

"பெத்துப் பாரு, தானா வரும்."

பூசணியால்தானா, காலம் கனிந்ததாலா என்பதை யாரிடம் போய்க் கேட்பது? சூயிங்குக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்டபின் ஒருநாள் மிளகாய் நாற்றையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டாள். வாயில்லாத சூயிங் அன்று தெரு கேட்கக் கத்தித் தீர்த்தாள். நான் டோஃபுக் கூடையோடு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் ரான் அத்தை கண்ணை மூடிக்கொண்டு நின்று, கடைசி வரை கேட்டார்.

"காரம் பத்தல" என்றார் என்னிடம். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.