இரண்டாம் ஓலை

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில் என் மகளின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. நான் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பிடித்திருந்த பிடியை அவள் பார்த்துவிட்டாள். "கல்யாணம் எனக்கா ஒனக்காம்மா?" என்று காதில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். மண்டபம், சமையல் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போட்ட பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறேன்.

ஓலை என்றால் என்னவென்று சிலருக்குச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர்களான எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சாமியார் கோவிலில் வாசிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் தம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்று முடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். மற்றவர்களுக்கு அது ஒரு மூச்சு நேரம். எனக்கு அது போய்க்கொண்டே இருக்கும். ஒரு முறை அந்த இடைவெளியில் ஒரு குரல் எழுந்தது. குரல் என்னுடையது. ஓலை என் அம்மாவுடையது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முத்தியால்பேட்டையில் நானும் அம்மாவும் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். பின்பக்கத்து அறையில் அப்பாவின் அக்கா, என் அத்தை. மில்லில் வேலை செய்த அப்பா, நெஞ்சுச் சளி முற்றிக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து இறந்துபோனார். அதே மழைக்காலத்தில் அடுத்த வார்டில் ஒரு பெண்ணும் இறந்தாள். அவள் கணவர் நோணாங்குப்பத்தில் சுற்றிப் பார்க்க வருபவர்களை ஏற்றிப் படகு ஓட்டுபவர். வெந்நீர் பிடிக்க நிற்கும் வரிசையில் அம்மாவுக்கு அவரைப் பழக்கம். அம்மாவால் ஒற்றை ஆளாக முடியாதபோது அப்பாவைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்தவர் அவர்தான் என்பதெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

சில வருடங்களுக்குப் பின் அவர் பெண் கேட்டு வந்தார். ஒரு பை இறாலை வாசற்படியில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் அத்தையிடம் பேசினார்.

"எறாலுக்குப் பொண்ணு குடுக்கிற வீடு இல்ல இது," என்றாள் அத்தை. இறாலை மட்டும் உள்ளே எடுத்துப்போனாள்.

அம்மா அதிகம் பேசாதவள். தையல் வேலைக்குப் போகிற வழியில் தானே சாமியாரிடம் போய் ஓலை எழுதிவிட்டு வந்தாள். அத்தை அவளோடு பேச்சை நிறுத்தினாள். என்னோடு பேச ஆரம்பித்தாள்.

"ஒங்கம்மா அவங்கூடப் போயிட்டான்னா, என் தம்பி பேர கோவில்ல யாருடி படிக்கச் சொல்லுவா?"

இது என்னைப் பிடித்துக்கொண்டது. அப்பாவின் நினைவு நாளன்று பூசையில் சாமியார் அவர் பெயரை வாசித்து நிறுத்துவார். அந்த ஆன்மாவின் மேல் நித்திய ஒளி வீச வேண்டும் என்று எல்லோரும் பதில் செபம் சொல்வோம். நான்தான் உரக்கச் சொல்வேன். அப்பாவுக்காக நான் செய்யக்கூடிய வேலை என்று இருந்தது அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்திலும் நிம்மதி இல்லை. "ஒங்கம்மா கல்யாணத்துல நீதான் தோழிப் பொண்ணாமே, கவுன் தைச்சாச்சாடி?" என்று கேட்டார்கள். தைக்கவில்லை என்று உண்மையாகவே பதில் சொன்னேன்.

முதல் ஓலையன்று நான் கவனமாக இல்லை. சட்டென்று அப்பாவின் பெயர் கேட்டது. அம்மா யார் என்பதைச் சொல்ல, காலஞ்சென்ற இன்னாரின் மனைவியாக இருந்தவர் என்று வாசித்தார்கள். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. அப்பாவின் பெயரை வாசித்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். நான் கண்ணை மூடி, கைகூப்பி, பழகிய குரலில் அந்தப் பதில் செபத்தை உரக்கச் சொன்னேன்.

யாரோ ஒரு கிழவி பழக்கத்தில் பாதி வரை கூடவே சொல்லிவிட்டு நிறுத்தினாள். கண்ணைத் திறந்தபோது கோவிலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு அவசரமாக ஆசீர்வாதம் கொடுத்து முடித்தார்.

வெளியே வந்ததும் அத்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "புள்ள வாயில என் தம்பி வந்து சொல்லிட்டான். இதுக்கு மேல என்ன தடை வேணும்?"

அந்த வாரம் வீட்டில் ஒரு பொருளும் அதனதன் இடத்தில் நிற்கவில்லை. அம்மா தைத்ததைப் பிரித்தாள், பிரித்ததைத் தைத்தாள். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். அடிப்பாளோ என்று நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கேட்க வாயெடுத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வியாழனோ வெள்ளியோ, என்னையும் கூட்டிக்கொண்டு நோணாங்குப்பத்துக்குப் பஸ் ஏறினாள். அவர் படகுக்குள் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். அம்மா கரையில் நின்றபடியே சொன்னாள். "வேணாங்க. நிறுத்திரலாம். புள்ளைக்கு மனசு ஒப்பல."

அவர் இறைப்பதை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அன்னிக்குக் கோவில்ல என்னமோ சொன்னியாமே. எனக்கு ஒரு வாட்டி சொல்லிக் காட்டு."

சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு. மெதுவா."

சொன்னேன். அவர் கூடவே உதட்டை அசைத்தார். இத்தனை பெரிய மனிதருக்கு இந்தச் செபம்கூடத் தெரியவில்லையே, இவரைப் போய் அம்மா எப்படிக் கட்டிக்கொள்வாள் என்று கவலையாக இருந்தது.

"ரெண்டாவது ஓல படிக்கட்டும்," என்றார் அம்மாவிடம். "அதுக்கப்புறம் ஒன் இஷ்டம்."

ஞாயிறுதான் படகுக்குக் கூட்டம் வரும் நாள். அதை விட்டுவிட்டு, எண்ணெய் தடவி வாரிய தலையோடு ஆண்கள் பக்கம் தூணோரம் வந்து நின்றிருந்தார். சாமியார் வாசிக்கத் தொடங்கும் முன் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் பெயர் வந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்பது வந்தது. சாமியார் நிறுத்தினார்.

படகு மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அவருடையது. அந்தக் குரலில் அப்பாவுக்கான செபத்தை, ஒரு சொல் பிசகாமல், தனியாகச் சொல்லி முடித்தார்.

கோவில் அப்படியே நின்றது. முன்வரிசையில் அத்தை இருந்தாள். தம்பியின் ஆன்மாவுக்கான செபத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் எப்படி முடியும்? திரும்பிப் பார்க்காமலே அவளும் சொன்னாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதன்பின் தடை என்று யாரும் போகவில்லை. மூன்றாம் ஓலை எந்தச் சத்தமும் இல்லாமல் முடிந்தது. அத்தை கல்யாணத்துக்கு வந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்றாள்.

ஆனால் இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் துரத்துவது இரண்டாம் ஓலையன்று, தூணோரம் நின்ற அவர் செபத்தை முடித்துவிட்டு, வேறு யாரும் தொடங்காமல் இருந்த அந்த நேரம்தான்.  முந்தின ஞாயிறு நான் செய்த அதே தப்பை இவரும் செய்துவிட்டாரே என்று அவருக்காகப் பாவமாக இருந்தது. அம்மாவின் கையை இழுத்தேன்.

"நாந்தாம்மா சொல்லிக் குடுத்தேன். எங்க சொல்லணும்னு சொல்லிக் குடுக்கல."

அம்மா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். தோள் குலுங்கியது. இத்தனை பேர் முன்னால் அவர் தப்பாகச் சொல்லிவிட்டது அவளுக்கு அவமானமாக இருக்கிறது என்று நினைத்து, பூசை முடியும்வரை அவள் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.