சர்க்கரை இல்லாத காபி

"ஷவ்கி அண்ணே, நெத்தியைக் காட்டுங்க. தண்ணி ஜில்லுன்னு இருக்கும். அப்புறம் சொல்லவே இல்லையேன்னு கோவிச்சுக்காதீங்க." இப்படி முன்கூட்டிச் சொன்ன பிறகுதான் டாக்டர் வஃபீக்கா உப்புத் தண்ணீரில் ஊறிய பஞ்சைப் பிழிந்தெடுப்பாள். ஷவ்கி பதில் சொல்லமாட்டார். அலெக்சாண்டிரியாவில் டிராம் ஓட்டியவர். குளிர்கால மழையில் படியிலிருந்து வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து கண் திறக்கிறார், மூடுகிறார், அவ்வளவுதான். ஒரு பஞ்சு இடது நெற்றிக்கு மேலே, இன்னொன்று வலது புருவத்துக்கு மேலே. இரண்டையும் ரப்பர் பட்டையால் கட்டி, உள்ளங்கையில் அடங்கும் பெட்டியிலிருந்து மெலிதாக மின்சாரம் விடுவாள்.

கரண்ட் என்றதும் முதல் நாள் ஷவ்கியின் மனைவி இன்ஸாஃப் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றாள். வஃபீக்கா பஞ்சைத் தன் நெற்றியிலேயே கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எனக்குப் புத்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பார்த்துக்கோ." பொய் நம்பிக்கை தரும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "நாளைக்கே எழுந்து டிராம் ஓட்டுவார்னு சொல்லமாட்டேன், இன்ஸாஃப். உள்ளே இருக்கிறவரைக் கொஞ்சம் உசுப்பிப் பார்க்கிறேன். சிலருக்குக் கேட்கும். பலருக்குக் கேட்காது."

அவளுடைய வெள்ளைக் கோட்டில் இரண்டு பைகள். ஒன்றில் சர்க்கரை டப்பா. மருத்துவமனைத் தேநீரில் எவ்வளவு போட்டாலும் அவளுக்குப் போதாது. மற்றொன்றில் வட்டக் கண்ணாடி. "அம்மணிக்கு அழகு பார்க்கவே பொழுது சரியா இருக்கு" என்று செவிலியர்கள் கிண்டலடிப்பார்கள். விரலை ஆட்டினாலும் விளக்கைக் காட்டினாலும் திரும்பாத கண், சில சமயம் தன் முகத்தைக் கண்டால் திரும்பும். அதற்காகத்தான் அந்தக் கண்ணாடி.

மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அவளைச் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? துறைத் தலைவர் டாக்டர் மம்தூஹ் காலையில் வருவார். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே "கையைத் தூக்கு!" என்பார், ஒரு முறை கைதட்டுவார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஒரு மனிதன் உள்ளே இருக்கிறானா இல்லையா என்பதற்கு அவ்வளவுதான் சோதனை! வஃபீக்கா அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள்: "தர்பூசணி வாங்குறவன்கூட நாலு தடவை தட்டிப் பார்க்கிறான், டாக்டர்."

ஷவ்கியை ஊருக்கு வெளியே, பாலைவனச் சாலையில் இருக்கும் ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது மம்தூஹின் எண்ணம். அங்கே குழாயில் உணவு ஊற்றுவார்கள், புரட்டிப் படுக்க வைப்பார்கள். பஞ்சும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஷவ்கியின் மூத்த அண்ணன் ஃபிக்ரி பாதி சம்மதித்துவிட்டார். அவர் பேச்சை மீறி இன்ஸாஃப் வாய் திறக்கமாட்டாள். ஒரு சாயங்காலம் ஷவ்கியின் கண் கண்ணாடியோடு நகர்ந்ததை வஃபீக்கா பார்த்திருந்தாள். அப்போது அறையில் வேறு யாரும் இல்லை. "ஆசையா பார்க்கிறவங்களுக்கு எல்லாமே அசையும், வஃபீக்கா" என்று மம்தூஹ் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிகிறது.

நேற்று அவள் உள்ளே நுழைந்தபோது சுவரோரம் வரிசையாகச் சொந்தக்காரர்கள் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபிக்ரி பிளாஸ்கிலிருந்து சின்னக் கோப்பைகளில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஒன்று நீட்டினார். ஒரு வாய் குடித்தவள் அப்படியே நின்றாள். சர்க்கரை இல்லை.

அந்த ஊரில் விருந்தாளிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமல் யாரும் காபி போடமாட்டார்கள். யாரையும் கேட்காமல், வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரையில்லாமல் ஊற்றுவது சாவு வீட்டில்தான்.

"யார் செத்துட்டாங்கன்னு இதை ஊத்துறீங்க?"

ஃபிக்ரி கோப்பையைப் பார்த்தார். பிறகுதான் அவருக்கே உறைத்தது. "வேணும்னு செய்யலை, டாக்டரம்மா. கை தானா சர்க்கரையை விட்டுடுச்சு."

"உங்க கை தம்பியை அடக்கமே பண்ணிடுச்சு! அந்த மனுஷன் மூச்சு விட்டுக்கிட்டிருக்கார். காதும் இருக்கு. அவரைப் படுக்க வெச்சுக்கிட்டு அவர் எதிர்லயே துக்கமா கேட்கிறீங்க? எழுந்திருங்க, எல்லாரும் வெளியே போங்க!" ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு, "நெத்தியைக் காட்டுங்க, ஷவ்கி அண்ணே" என்றாள்.

சொந்தக்காரர்கள் வெளியே போனார்கள்; இன்ஸாஃபும் ஃபிக்ரியும் மட்டும் கட்டிலருகே நின்றுவிட்டார்கள். மின்சாரம் விட்டு முடித்துப் பஞ்சை அவிழ்க்கும் நேரத்தில், ஃபிக்ரியின் முடிவைக் கேட்க மம்தூஹ் வந்து சேர்ந்தார். வஃபீக்கா கண்ணாடியை ஷவ்கியின் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல நகர்த்தினாள். கண் அசையவில்லை. மறுபடியும் நகர்த்தினாள். அசையவில்லை. மம்தூஹ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொறுங்க" என்றாள் அவள்.

மூன்றாவது முறை கண்கள் கிளம்பின. கண்ணாடியோடு கூடவே ஓரம்வரை போயின. அவள் திரும்பக் கொண்டுவந்தாள், அவையும் திரும்பி வந்தன. இன்ஸாஃப் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஃபிக்ரி தம்பியின் முகத்தருகே குனிந்தார்.

மம்தூஹ் கண்ணாடியை வாங்கித் தானே நகர்த்திப் பார்த்தார். அதற்குள் ஷவ்கி களைத்துவிட்டார். கண்கள் பழையபடி கூரையில் நிலைத்தன.

"ஒரு நாள் பார்த்ததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் மம்தூஹ். "என்ன ஃபிக்ரி, நாளைக்கு வண்டிக்குச் சொல்லிடட்டுமா?"

ஃபிக்ரி திரும்பி வஃபீக்காவிடம் கையை நீட்டினார். அவள் புரிந்துகொண்டு சர்க்கரை டப்பாவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பிளாஸ்கைத் திறந்து, இருந்த சர்க்கரை முழுவதையும் அதில் கொட்டி, மூடிக் குலுக்கி, ஒரு கோப்பை ஊற்றி மம்தூஹிடம் நீட்டினார்.